மூன்றாவது அட்டையில் இருந்த பெயர்

அலியோங்கின் வலது கை மணிக்கட்டு வரை கட்டிங் மிஷினுக்குள் இருந்தது. கத்தி இன்னும் இறங்கவில்லை. கத்தியை இறக்கும் இரும்புப் பிடி பிஸ்மாரின் கையில் இருந்தது, அவன் அதை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தான்.

மேடான் நகரத்து அச்சகத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் கடை திறப்பதில்லை. ஷட்டர் பாதி ஏறியிருந்ததைப் பார்த்துத்தான் பொனிரான் குனிந்து உள்ளே நுழைந்தான். நுழைந்த பிறகுதான் பாதி ஷட்டர் நல்ல அறிகுறி இல்லை என்று அவனுக்கு உறைத்தது.

"கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்," என்றான், வேறு எதுவும் தோன்றாமல். "நீங்க கையை வெட்டி முடிச்சப்புறம் வரட்டுமா?"

"வெளிய போ," என்றான் பிஸ்மார். பஸ் நிலையத்தில் அவனிடம் அடி வாங்காத கண்டக்டர் என்றால் அன்று காலையில் வேலைக்குச் சேர்ந்த கண்டக்டர்தான்.

"போறேன் அண்ணே. ஆனா எங்க அக்கா பின்னாடியே வர்றாங்க. அவங்களுக்கு ரத்தம் ஆகாது."

அது பச்சைப் பொய். லாம்ரியாவுக்கு ரத்தம் நன்றாகவே ஆகும். போலீஸில் இருந்தபோது மேலதிகாரி ஒருவனை மாடிப்படியில் உருட்டிவிட்டு, அதோடு உத்தியோகத்தையும் உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள், பொனிரான் அவளுடைய உதவியாளன். இப்போதும் ஷட்டருக்கு அடியில் நுழைந்து நிமிர்ந்தவள் முதலில் கத்தியைப் பார்த்தாள், பிறகு பொனிரானைப் பார்த்தாள், பிறகு அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த டோனர் டப்பாவைப் பார்த்தாள்.

பொனிரானுக்கு அது போதும். மூடியைத் திருகி, கறுப்புப் பொடி மொத்தத்தையும் பிஸ்மாரின் முகத்தில் வீசினான்.

பிஸ்மார் கண்ணை மூடினானே தவிரப் பிடியை விடவில்லை. கத்தி இறங்கியது. அலியோங் அலறினார். அதற்குள் லாம்ரியா மேஜை மேல் இருந்த தடித்த அட்டைக் கட்டை ஒரே தள்ளாகக் கத்திக்கடியில் தள்ளியிருந்தாள். கத்தி அட்டையில் பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. அலியோங்குக்குப் போனது கட்டை விரல் நகம் மட்டும்தான், ஆனால் அதற்கே மேஜையெல்லாம் ரத்தம்.

கண் தெரியாத பிஸ்மார் காற்றில் விட்ட குத்து சரியாகப் பொனிரானின் வாயில் வந்து விழுந்தது. ஒரு பல் நாக்கில் உருண்டது. அவன் அதைத் துப்பிவிட்டு நிமிர்வதற்குள் லாம்ரியா பேப்பர் ரோல் மாட்டும் கம்பியை உருவி பிஸ்மாரின் முழங்காலில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தவனை இன்னொரு முழங்காலிலும் அடித்தாள்.

"ஒண்ணு போதாதா அக்கா?" என்றான் பொனிரான், வீங்கிய உதட்டோடு.

"நொண்டிக்கிட்டு ஓடுவான். எதுக்கு வம்பு?"

பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் பிஸ்மாரைக் கட்டிப் போட்டார்கள். அப்போது அவன் சட்டைப் பையில் இருந்த போன் நடுங்கியது. பொனிரான் எடுத்துப் படித்தான். படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

ஜோங்கி கிடைச்சுட்டான். விருந்து மண்டபத்துக்குப் பின்னாடி, பன்னி வெட்டற இடத்துல கட்டி வச்சிருக்கோம். ஞானஸ்நானம் முடியட்டும்னு பெரியவர் சொல்லிட்டார்.

ஜோங்கி ஒரு பஸ் டிரைவர். அவனுடைய மனைவி தமேரியாதான் லாம்ரியாவிடம் வந்து, என் புருஷனைக் காப்பாற்று என்று காலைப் பிடித்தவள். போன மழைக்காலத்தில் அவன் ஓட்டிய பஸ் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் கவிழ்ந்தது. பயணிகள் செத்தார்கள், அவர்களில் ஜோங்கியின் தம்பியும் ஒருவன். கம்பெனிக்கு மூன்று முதலாளிகள். மூன்று பேரையும் விடமாட்டேன் என்று ஜோங்கி பஸ் நிலையத்தின் நடுவில் நின்று கத்தியதை ஊரே கேட்டது. பிறகு முதலாளிகளில் தோகார் என்பவருக்கு ஒரு கறுப்பு அட்டை வந்தது. அவருடைய பெயரும் படமும் போட்டு, அவருடைய சாவுக்கு அவரையே அழைக்கும் அட்டை. டிப்போவில் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அவரை நசுக்கிக் கொன்றிருந்தார்கள். அடுத்து பார்லின். அவருக்கும் ஒரு அட்டை வந்தது. பஸ்ஸுக்கடியில் இறங்கி ரிப்பேர் பார்க்கும் பள்ளத்தில், ஜாக்கி கம்பியால் மண்டை பிளந்து கிடந்தார்.

மூன்றாவது அட்டை இன்று காலை வந்தது. பெரியவர் என்று எல்லோரும் சொல்லும் மூன்றாவது முதலாளி, அதை லாம்ரியாவின் மேஜையில் வீசிவிட்டு, "உன் கட்சிக்காரியோட புருஷன் வேலை இது. பேரனோட ஞானஸ்நானம் முடியறவரைக்கும் உனக்கு டைம். அதுக்கப்புறம் என் பசங்க பாத்துப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பசங்களில் ஒருவன்தான் இப்போது தரையில் கிடந்து கறுப்பாக எச்சில் துப்பிக்கொண்டிருந்தான்.

லாம்ரியா மூன்று அட்டைகளையும் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். முதல் இரண்டும் விதவைகள் கொடுத்தவை. இவற்றை அச்சடித்த கடையைத் தேடித்தான் இருவரும் இந்தத் தெருவுக்கு வந்திருந்தார்கள்.

"இது உங்க கடையில அடிச்சதுதானே, கோ?" என்றாள், சீனரான அவரை அண்ணன் என்ற பொருளில் அழைத்து.

அலியோங் நகம் போன விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே தலையாட்டினார். "நாடகத்துக்குன்னு நெனச்சேன் லாம்ரியா. சத்தியமா. கல்யாணப் பத்திரிகையில விருந்தாளி ஒவ்வொருத்தர் பேரும் தனித்தனியா அச்சாகி வருதில்ல, அதே சாஃப்ட்வேர்தான். டிசைன் ஒண்ணு, வாசகம் ஒண்ணு. பேரும் படமும் மட்டும் அட்டைக்கு அட்டை தானா மாறும். மேல ஒரு தடவை, வாசகத்துக்குள்ள ரெண்டு தடவை, உறையில ஒரு தடவை. எனக்குப் பேரைப் படிக்கிற வேலையே இல்ல."

"அதான் கீழே இந்த வரியும் இருக்கா?" என்று பொனிரான் காட்டினான். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: பெயரிலோ பட்டத்திலோ பிழை இருந்தால் மன்னிக்கவும்.

"அது எல்லாப் பத்திரிகையிலயும் தானா வரும். எடுக்க மறந்துட்டேன்."

"கொல்லப் போறவன் மன்னிப்புக் கேட்டுட்டுக் கொல்றான். இந்த ஊர்ல மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்ல."

"யார் குடுத்த ஆர்டர்?" என்றாள் லாம்ரியா.

"தெரியாத நம்பர்லேர்ந்து போன்ல வந்தது. பேர், படம் எல்லாம் போன்லதான். வாங்கிட்டுப் போனவனைத் தெரியும்." அலியோங் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தாடையில தழும்பு இருக்கற டிரைவர். ஜோங்கி."

 பொனிரானுக்குத் தமேரியாவின் முகம் ஞாபகம் வந்தது. இதை அவளிடம் யார் போய்ச் சொல்வது?

லாம்ரியா மட்டும் அசையவில்லை. "இதை பிஸ்மார்கிட்ட சொன்னீங்களா?"

"முதல் அடியிலயே சொல்லிட்டேன். சொன்னப்புறமும் கையை உள்ள விடுன்னான். கம்ப்யூட்டரைக் கழட்டி எடுத்துக்கிட்டான்."

"பதில் கெடைச்சப்புறமும் கேள்வி கேக்கறவனுக்கு வேண்டியது பதில் இல்ல பொனி, வாயை அடைக்கறது." அவள் மூன்றாவது அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். "கோ, இந்த இடது ஓரத்துல இழை மாதிரி மஞ்சளா ஓடுதே, இது என்ன? கறுப்பு அட்டையில மஞ்சளுக்கு வேலையே இல்லையே."

அலியோங் எட்டிப் பார்த்தார். கை வலியையும் மறந்து அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "கோணலா வெட்டிட்டேன். பக்கத்து அட்டையோட படம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்துருக்கு."

லாம்ரியா மூன்றாவது அட்டையை இரண்டாவதன் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். இரண்டாவது அட்டையின் வலது ஓரம் முழுக்க பார்லினின் படம். பார்லின் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். சட்டையின் தோள் அந்த அட்டையில் முடிந்து, மிச்சம் ஒரு இழை மூன்றாவதில் இருந்தது. முதல் அட்டையைச் சேர்த்தாள். தோகாரின் நீலச் சட்டையின் இழை பார்லின் அட்டையின் ஓரத்தில் ஓடியது.

"மூணும் ஒரே தாளா?" என்றான் பொனிரான்.

"ஒரே தாள், ஒரே தடவை," என்றார் அலியோங். "எங்க சீனங்க முன்னோரைக் கும்பிடற செங் பெங்குக்குக் கல்லறைக்குப் போறதுக்காக வீட்ல எல்லாரும் கார்ல ஏறி ஹாரன் அடிச்சிக்கிட்டிருந்தாங்க. அந்த அவசரத்துல வெட்டினேன். முப்பது வருஷத்துல நான் கோணலா வெட்டினது அன்னிக்கு மட்டும்தான்."

"தோகார் செத்தது செங் பெங் முடிஞ்ச அடுத்த வாரம்," என்றாள் லாம்ரியா. "அப்போ மூணாவது அட்டையும் அவர் உயிரோட இருக்கும்போதே அடிச்சாச்சு."

அதில் என்ன பிரமாதம் என்று பொனிரானுக்குப் புரியவில்லை. கொலைகாரன் திட்டம் போடுகிறவன், ஒரேயடியாக அடித்து வைத்துக்கொண்டான். அதையே சொல்லவும் செய்தான். லாம்ரியா பிஸ்மாரின் போனைப் பறித்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

வேன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. பொனிரான் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பல் போன இடத்தை நாக்கால் துழாவினான். அவன் ஜாவாக்காரன். அவனுக்குப் பிறந்தபோது வைத்த பெயர்தான் இன்றுவரைக்கும். இந்த ஊர்ப் பாதாக் இனத்தாரின் வழக்கம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளை பிறந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவமானம், பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாருக்கு அப்பா என்று 'அமா' போட்டுத்தான் கூப்பிட வேண்டும். பேரன் பிறந்தால் அதுவும் மாறி, இன்னாருக்குத் தாத்தா என்று 'ஓம்பு' வந்துவிடும்.

"அமா லிடியா," என்று முதல் அட்டையைப் படித்தான். "சரி, தோகாரோட பொண்ணு லிடியா. அமா ஜோனா, பார்லினோட பையன் ஜோனா. மூணாவது, ஓம்பு பின்சார்." அவன் நிமிர்ந்தான். "யாரு அக்கா இந்தப் பின்சார்? நம்ம பெரியவரை எல்லாரும் அமா ரூத்னுதானே கூப்பிடறாங்க?"

"பேரன் பேரா இருக்கும். இன்னிக்கு ஆலயத்துல பேர் வைக்கிறாங்க. பேரு எப்படியோ வெளிய கசிஞ்சு, அட்டை அனுப்பினவன் போட்டுட்டான்னு காலையில நெனச்சேன்."

"ஆனா அட்டையை செங் பெங் அன்னிக்கே அடிச்சாச்சே. பேரன் எப்போ பொறந்தான்?"

வேன் நடுத்தெருவில் நின்றது. பின்னால் வந்த மூன்று சக்கர வண்டிக்காரன் லாம்ரியாவின் குலத்தையே திட்டினான். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"தோகாரைப் புதைச்ச மறுநாள்," என்றாள். "பொனி, பொறக்காத புள்ளையோட பேர் அது."

"நான் எதாவது புத்திசாலித்தனமா சொல்லிட்டேனா?"

"வாழ்க்கையில முதல் தடவையா. பிஸ்மார் போன்ல எழுது. ஜோங்கியை உயிரோட ஆலயத்துக்கு உள்ள கொண்டு வாங்க, பெரியவர் உடனே கேக்கறார்னு."

ஆலயத்தை ஒட்டித்தான் விருந்து மண்டபம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்றி ரத்தத்தில் வேகும் சக்சாங் கறியின் மசாலா வாசனையும் கூட்டுப் பாட்டும் ஒன்றாகக் கலந்து தெருவரைக்கும் வந்தன. பாட்டு முடிகிற நேரம். போதகர் குழந்தையை வாங்கக் கை நீட்டியிருந்தார். அப்போது பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது. இரண்டு தடியர்கள் ஜோங்கியைத் தரதரவென்று இழுத்து வந்து நடுப்பாதையில் போட்டார்கள்.

அவனை அடையாளம் காண்பதே கஷ்டமாக இருந்தது. ஒரு கண் மூடிப் போயிருந்தது. காது கிழிந்து தொங்கியது. கட்டிய கைகளில் இரண்டு விரல்கள் தப்பான பக்கம் மடங்கியிருந்தன. சட்டையில் இருந்த ரத்தத்தில் பன்றியினுடையது எது, அவனுடையது எது என்று சொல்ல முடியவில்லை. பெண்கள் வாயைப் பொத்தினார்கள். பொனிரானுக்கு அழுகை வந்தது, அதை விடக் கோபம் வந்தது.

முதல் வரிசையில் தோளில் சால்வையோடு எழுந்து நின்றார் பெரியவர். "இங்க எதுக்குடா கொண்டு வந்தீங்க?"

அவருக்குப் பக்கத்திலும் வாசலிலும் போலீஸ். மிரட்டல் அட்டை வந்துவிட்டது என்று அவரே கேட்டு வாங்கிய பாதுகாப்பு. அவர்களில் மூத்தவர் இன்ஸ்பெக்டர் மங்காசி.

"நான்தான் கொண்டு வரச் சொன்னேன், அமாங்," என்றாள் லாம்ரியா, பெரியவர்களை அப்பா என்றழைக்கும் பாதாக் முறையில். "ஞானஸ்நானம் முடியறவரைக்கும் டைம்னீங்க. இன்னும் முடியல." அவள் நேராகக் குழந்தையோடு நின்ற ரூத்திடம் போனாள். பெரியவரின் ஒரே மகள் அவள், கணவன் பக்கத்தில் நின்றான். "ரூத், குழந்தைக்குப் பேர் தேர்ந்தெடுத்தது யாரு?"

"அப்பா," என்றாள் ரூத், ஜோங்கியிடமிருந்து கண்ணை எடுக்க முடியாமல். "ஸ்கேன்ல பையன்னு தெரிஞ்சதுமே, பேர் நான்தான் வைப்பேன்னு சொல்லிட்டார். என்ன பேருன்னு எங்ககிட்டயே சொல்லல."

"எப்போ சொன்னார்?"

"குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னிக்கு. ஆலயத்துல சொல்றவரைக்கும் வெளிய விடக்கூடாதுன்னார்."

லாம்ரியா மூன்று அட்டைகளையும் ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பில் ஒட்டி ஒட்டி வைத்தாள். "இன்ஸ்பெக்டர், இது மூணும் ஒரே தாள்ல அடிச்சது. தோகார் உயிரோட இருந்தப்போ, இந்தக் குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி. மூணாவதுல இருக்கற பேரைப் படிங்க."

மங்காசி குனிந்து படித்தார். ரூத்தும் படித்தாள். அப்பா குழந்தைக்குச் சொன்ன அதே பெயர். அவள் முகம் வெளுத்ததைப் பொனிரான் பார்த்தான்.

"அன்னிக்கு இந்தப் பேர் ஒரே ஒருத்தர் மனசுலதான் இருந்தது," என்றாள் லாம்ரியா. "பேரன் ஞானஸ்நானத்தன்னிக்கு அனுப்பற அட்டையில வெறும் அமா ரூத்னு போட உங்களுக்கு மனசு வரல, அமாங். உங்களை நீங்களே மிரட்டிக்கும்போதும் தாத்தா பட்டம் வேணும்னு ஆசைப்பட்டுட்டீங்க."

"பார்சலை வாங்கினது இவன்தான்," என்றார் பெரியவர். குரல் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது.

"நான் கத்தினதை மன்னிச்சேன்னு சொல்லி... நீங்கதான... வாங்கிட்டு வரச் சொன்னீங்க," என்றான் ஜோங்கி தரையிலிருந்து. வாயில் ரத்தத்தோடு பேசுவது அவனுக்குச் சிரமமாக இருந்தது. "உள்ள என்னன்னு... எனக்குத் தெரியாது."

"பிரேக்கை மாத்தாம வண்டியை விடுன்னு சொன்னது நீங்க," என்றாள் லாம்ரியா. "தோகாரும் பார்லினும் அதை வெளிய சொல்லப் போறோம்னு சொன்னதை அவங்க விதவைங்க எங்கிட்ட சொன்னாங்க. ரெண்டு பேரையும் முடிச்சுட்டீங்க. பழியைப் போட தம்பியைப் பறிகொடுத்தவன் ஒருத்தன் தயாரா இருந்தான்."

பெரியவர் பித்தளை மெழுகுவத்தித் தண்டை உருவியதை யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் அடி பொனிரானின் தோளில் விழுந்தது. கை மரத்துப் போனது. இரண்டாவது அடியில் மங்காசி சரிந்தார். பெரியவர் லாம்ரியாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து, அவள் முகத்தைத் தொட்டித் தண்ணீரில் அழுத்தினார்.

"அவனுங்க வாயைத் திறந்திருந்தா எல்லாம் போயிருக்கும்," என்று கத்தினார். "நான் கட்டின கம்பெனி. அந்த ரெண்டு கோழைப் பயலுங்களுக்காக நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

தண்ணீர் சிவந்தது. பொனிரான் ஒற்றைக் கையால் அவர் கழுத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தான், ஆள் அசையவில்லை. அவரை வீழ்த்தியது ஜோங்கி. கைகள் கட்டியிருக்க, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல், முழங்காலிலேயே பாய்ந்து அவருடைய இடுப்பில் தலையால் மோதினான். இரண்டு பேரும் பலிபீடத்தின் படிகளில் உருண்டார்கள். ஜோங்கி அவர் கையைக் கடித்தான். தண்டு நழுவும்வரை பல்லை எடுக்கவில்லை. பிறகு வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் இருவரும் ஓடி வந்து விலங்கு மாட்டினார்கள்.

லாம்ரியா உதடு கிழிந்து, முடி சொட்டச் சொட்ட நிமிர்ந்தாள்.  குழந்தை அழுதது.

"ரூத்," என்றார் பெரியவர். விலங்கோடு நின்றபோதும் அவர் கண் குழந்தையின் மேல்தான் இருந்தது. "என்னைக் கொண்டு போகட்டும். பேரை மட்டும் வச்சுடும்மா. நான் கேட்டுட்டுப் போறேன்."

ரூத் அவரைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் குழந்தையைப் போதகரிடம் நீட்டினாள்.

"தொட்டியில வேற தண்ணி ஊத்துங்க," என்றாள். ஊற்றினார்கள். போதகர் குழந்தையின் பெயரைக் கேட்டார்.

"என்னைப் பள்ளிக்கூடத்துக்கு தினம் தன் பஸ்ஸுல முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனவர் ஒருத்தர் இருந்தார்," என்றாள் ரூத். "அவர் பேர்தான். தோகார்."

  பெரியவர் விலங்கு மாட்டிய கைகளால் காதைப் பொத்தப் பார்த்தார், இரண்டு காதுக்கும் கை எட்டவில்லை. அதற்குள் தண்ணீர் குழந்தையின் தலையில் மூன்று முறை விழுந்துவிட்டது. சபை ஆமென் என்று சொல்லிவிட்டது.

இன்ஸ்பெக்டர் மங்காசி நெற்றி ரத்தத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு எழுந்தார். அவரும் பாதாக்காரர்தான். பெரியவர் ஒருவரை, அவர் கொலைகாரராகவே இருந்தாலும், மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு நாக்கு வராது. முழங்கையைப் பிடித்து, வழக்கமான மரியாதையோடுதான் சொன்னார்.

"நடங்க, ஓம்பு தோகார்."